கடைசியாகக் கொட்டிய பெயர்

ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு வந்த சாரல் காலத்தில், மஞ்சக்கரட்டில் மனிதர்கள் நின்றுபோக ஆரம்பித்தார்கள். கம்ப்யூட்டர் செயலிழந்து ஏல மன்றத்தின் பெரிய திரை நீலமாகும். அதே நொடியில் ஊருக்குள் எங்கோ ஒருவர், தோளில் துண்டோடோ கையில் கரண்டியோடோ, இருந்த இருப்பில் நின்றுபோவார். கண் திறந்திருக்கும், மூச்சு ஓடும், வாய் மட்டும் ஏற்ற இறக்கமில்லாத ஒரு குரலில், மனதில் அந்நேரம் இருந்ததையெல்லாம் கொட்டத் தொடங்கும்.

முதலில் நின்றவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை இராசாங்கம். பால் பொங்கி அடுப்பை அணைத்துக்கொண்டிருக்க, அவர் வடிகட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, தூள் எவ்வளவு, இஞ்சி எப்போது, எந்த கிளாஸின் விளிம்பு உடைந்தது, செத்துப்போன அப்பாவின் வேட்டியில் என்ன வாசனை என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வலிப்பு வந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள்: கடைச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்கள், முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். இராசாங்கம் விழித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதற்கு இத்தனை கூட்டம் என்று கேட்டார். பிறகு பாய்லரைப் பார்த்தார். இது என்ன சாமான் என்று கேட்டார். வெளியே வந்த பாதியைக் கேட்டுவைத்தவர் யாருமில்லை, வராத பாதி உள்ளேயும் இல்லை. இப்போது கடையில் நிற்பது அவர் சம்சாரம். அவள் போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டு, "நல்லாருக்கே, என்ன இது?" என்று தினமும் கேட்பார்.

மன்றத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட இன்பராஜ்தான் வழி சொன்னான். "இந்த மெஷினும் இப்படித்தாங்க. விழுந்த உடனே தானா எந்திரிச்சுக்கிருது, நீலத்துல என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூட விடமாட்டேங்குது. தானா எந்திரிக்கணும்னு செட்டிங்ல ஒரு டிக் இருக்கு, அதை எடுத்துவிட்டேன். இப்ப விழுந்தா விழுந்தபடி கிடக்கும். இருந்த நினைவு பூராத்தையும் கொட்டி முடிக்கிற வரைக்கும் கை வைக்கக் கூடாது. மனுசனுக்கும் அதே கதைதான், டிக்கை எடுங்க, சாவியைத் தூர வைங்க."

அடுத்து நர்ஸ் புஷ்பலீலா தடுப்பூசி முகாமில் ஊசியும் கையுமாக நின்றபோது யாரும் தொடவில்லை. அவள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிச் சொல் வரை கேட்டு, கண் இமைத்ததும் அவள் காதில் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். போனது அத்தனையும் திரும்ப வந்தது, பள்ளிக்கூடத்தில் படித்த பெருக்கல் வாய்ப்பாடு உட்பட. ஆக, கேட்டுத் திரும்பச் சொன்னால் வரும், கேட்காதது போனது போனதுதான் என்று ஊருக்குப் புரிந்தது. போனில் பதிவு செய்து பார்த்தார்கள். போட்டுக் கேட்டால் காற்றுச் சத்தம்தான் வந்தது.

அதற்குப் பிறகு, சாரலுக்குக் குடை வைத்துக்கொள்வதைப்போல, ஆளுக்கொரு பிடி வைத்துக்கொண்டார்கள். பிடி என்றால் கொட்டுவதைப் பிடித்துவைப்பவர். பெண் பார்க்க வந்தவர்கள், நகை பேசுவதற்கு முன்னால், "பொண்ணுக்குப் பிடி யாரு?" என்று கேட்டார்கள். செவிடான தாத்தாவைப் பிடியாக வைத்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்து ஊரே சிரித்தது. மலைக்குப் போகும் ஜீப்பில் டிரைவரோடு, அவருடைய பிடிக்கென்றும் ஒரு இடம் ஒதுக்கினார்கள். மன்றத்தைப் பூட்டியும் பார்த்தார்கள். வெளியூர் வியாபாரிகள் பக்கத்து ஊர் ஏலத்துக்குப் போய்விட, மூட்டைகளில் காய் வேர்க்கத் தொடங்கியது. கமிட்டித் தலைவர் பொம்மையசாமி மறுபடி கதவைத் திறந்துவிட்டார். "மனுசன் நின்னா எந்திரிச்சுக்கிருவான். காய் பூசணம் பூத்தா எந்திரிக்குமாய்யா?"

வேலைக்காக டப்ளினுக்குப் போயிருந்த நான் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்பி, அண்ணன் மலைராசன் வீட்டு மாடியில் இறங்கியது அந்தச் சமயத்தில்தான். அங்கே என்ன வேலை என்று மதினி வீருசின்னு கேட்டபோது, விழுந்துபோன கம்ப்யூட்டர்கள் கடைசியாகக் கொட்டிய நினைவைப் படித்து, எதனால் விழுந்தது என்று சொல்லும் வேலை என்றேன். "பொணம் அறுக்கிற டாக்டரு மாதிரியா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "அப்ப நீ சரியான ஊருக்குத்தான் வந்திருக்க" என்று சொல்லி, தட்டில் இன்னொரு பணியாரம் வைத்தாள்.

பயம் வந்தது பிறகுதான். நீலத்திரையின் அடியில் ஒரு வரி இருக்கும், அதில் ஒரு ஃபைலின் பெயர் இருக்கும், அதுதான் மெஷினைச் சாய்த்தது என்று இன்பராஜ் டீக்கடையில் யாருக்கோ விளக்கப்போக, அப்படியானால் மனுசன் கொட்டும்போது கடைசியில் வருவதும் அவனைச் சாய்த்தவர் பெயர்தானோ என்று கடையில் இருந்தவர்கள் யோசித்தார்கள். மறுநாள் தபால்காரர் தவமணி நின்றார். அவர் கொட்டியதன் கடைசிச் சொல் லூர்து. லூர்து துணி தேய்ப்பவர். தவமணியின் காக்கிச் சட்டை அப்போது அவர் வண்டியில் இருந்தது. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அவரிடம் துணி போடவில்லை. குழாயடியில் அவர் குடத்தை யாரும் தங்கள் குடத்தோடு சேர்த்து வைக்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றிப் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். ஒரு காலை வண்டி தெருவில் தனியாக நின்றது, பெட்டியில் கரி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது, லூர்து கம்பம் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்.

பிறகு மாவுமில் ஜெகதா போனாள். பிறகு தையல்காரர் ஒருவர், குடும்பத்தோடு. பிடிகள் தங்களுக்கு வேண்டியவர்களின் பெயரை மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வந்ததும், கமிட்டி ஆட்கள் கூட நின்று கடைசிச் சொல்லைக் கேட்க வேண்டும் என்று பொம்மையசாமி ஒரு வழக்கம் ஏற்படுத்தினார்.

மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். வியாபாரிகள் சாம்பிள் பார்த்துவிட்டுப் போட்ட ஏலக்காய்கள் தரையில் கிடந்து எல்லோர் காலடியிலும் நொறுங்கிக்கொண்டிருந்தன. நான் எழுந்து சொன்னேன்: "மெஷின்லயும் கடைசியில இருக்கிறது அடிச்சவன் பேரு இல்லீங்க. எவனோ எப்பவோ, தனக்குச் சொந்தமில்லாத இடத்துல எதையோ கிறுக்கிட்டுப் போயிருப்பான். ரொம்ப நேரங்கழிச்சு அந்த இடத்துல காலு வைக்கிறவன் மாட்டிக்கிருவான். மாட்டினவன் பேருதான் கடைசியில நிக்கும்."

"அப்ப அடிச்சவன் பேரு எங்கத்தா இருக்கும்?" என்றார் பொம்மையசாமி.

"பல நேரம் இருக்கவே இருக்காது."

யாருடைய பெயரைச் சொன்னபோதும் ஊர் இவ்வளவு பயந்ததில்லை. பொம்மையசாமி மேல்துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "நீ படிச்ச பொண்ணு. ஆனா பேரில்லாததை வச்சுக்கிட்டு ஊரு எப்படித்தா தூங்கும்? பேரு இருந்தா அவனை அனுப்பிட்டுத் தூங்கலாம்."

அன்றிலிருந்து யாருடைய நினைப்பிலும் இருந்துவிடக் கூடாது என்பதே மஞ்சக்கரட்டின் ஒரே கவலையாக இருந்தது. கடைக்காரர்கள் கொசுறு கறிவேப்பிலை போடுவதை நிறுத்தினார்கள், வாங்கியவர் நன்றியோடு நினைத்துத் தொலைப்பார் என்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மார்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் நின்றார்கள். வாத்தியார் பெயர் கூப்பிடாமல் தலையை எண்ணினார். கல்யாணப் பத்திரிகையில் இங்ஙனம் என்ற சொல்லுக்குக் கீழே வெறும் வெள்ளையாக விட்டார்கள். போய்ட்டு வர்றேன் என்பதற்குப் பதிலாக, "நெனைச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்கள். எதிரே தெரிந்தவர் வந்தால் சந்துக்குள் ஒதுங்கி, அவர் தாண்டிப்போன பிறகு சுவரோரமாக நடந்தார்கள், சாரல் நனைத்த சட்டையோடு, ஒருவருக்கொருவர் திருடர்களைப்போல.

மதினிக்கு இருந்த பயம் வேறு. அண்ணனுக்கு அவள் நினைப்புத் தவிர வேறு நினைப்புக் கிடையாது என்பது ஊருக்கே தெரிந்த கேலி. கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும், மன்றத்து மைக்கை அணைத்த கையோடு போனை எடுத்து, "சின்னு, சாப்ட்டியா?" என்று கேட்கும் மனிதர். அவர் நின்றால் கடைசியில் வருவது யார் பெயர் என்று யாருக்கும் ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. அதனால் அவள் தினமும் காலையில் வேண்டுமென்றே சண்டை பிடித்து அனுப்பினாள். குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். சட்டைப் பொத்தானைப் பிய்த்து வைத்தாள்.

"ஏன்டி, நான் என்னடி செஞ்சேன்?"

"என்னைய நெனைக்காம போய்யா, போ!"

அண்ணன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்படி வஞ்சு அனுப்புனா, நாள் பூரா இவளைத்தான நெனைச்சுக்கிட்டு இருக்கேன். இதை இவகிட்ட நீயாச்சும் சொல்லு."

சொன்னேன். மதினி அரிவாள்மணையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அழுதாள்.

ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு குவியலுக்கும் தோட்டக்காரர் பெயரை மைக்கில் வாசிப்பது அண்ணனின் வேலை. எல்லாம் திரைக்கு மாறிய பிறகும் அந்தக் குரல் இல்லாவிட்டால் வியாபாரிகளுக்குக் கை ஓடாது. அன்றைக்கும் வாசித்துக்கொண்டிருந்தார். திரை நீலமானது. மன்றத்தில் எல்லோரும் தங்கள் கையைக் காலை அசைத்துப் பார்த்துக்கொண்டார்கள், நான் இல்லை, நான் இல்லை என்று. ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் மட்டும் தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது.

மதினியைக் கூட்டிவந்தார்கள், அவள் வரும்வரை கொட்டியதை நான் கேட்டுவைத்தேன். கையில் மாவு. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு அவர் வாயைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். கமிட்டி ஆட்கள் சுற்றி நின்றார்கள், வியாபாரிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஸ்டோரில் காய் வாட்டும் வாசனை, முழங்கால் வலி, இடிந்த மாட்டுக் கொட்டம், மழையில் நனைந்த ஒரு பச்சைச் சேலை என்று போய்க்கொண்டிருந்தது. சேலை வந்ததும் மதினி கண்ணை மூடினாள். பொம்மையசாமி முன்னால் சாய்ந்தார்.

அப்போதுதான் பெயர்கள் வரத் தொடங்கின. வாழ்நாளெல்லாம் பெயர் வாசித்தவர் அல்லவா, தோட்டக்காரர்கள், காய் எடுக்கும் பெண்கள், ஸ்டோர்க்காரர்கள், லாரி ஓட்டுபவர்கள் என்று ஊர் முழுக்க அவருக்குள் இருந்தது.

"இன்பராஜ்" என்றார்.

"அய்யோ, எழுப்புங்க!" என்று கத்தினான் இன்பராஜ். கத்திய வாயை அவனே பொத்திக்கொண்டான். "இல்ல இல்ல, எழுப்பாதீங்க! இப்ப எழுப்புனா என் பேருல்ல கடைசி!"

அதற்குள் வேறு பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர்க்காரர், "ஓடட்டும்ப்பா, நிக்காம ஓடட்டும்" என்று கைகூப்பினார். பெயர் தாண்டியவர்களுக்கு அது மறுபடி சுற்றி வருமோ என்று பயம். பெயர் வராதவர்களுக்கு இனிமேல்தான் வரும் என்று பயம். கேட்டுக்கொண்டு நின்றால்தானே சாட்சி, கேட்காமல் போய்விட்டால்? சுவரோரத்தில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். "பொம்மையசாமி" என்று அண்ணன் சொன்னபோது, தலைவர் மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஒன்றுக்கு வந்தவரைப்போல வேகமாக வெளியே நடந்தார். கமிட்டி ஆட்கள் அவர் பின்னாலேயே போனார்கள்.

மன்றத்தில் நாங்கள் இருவர்தான் மிச்சம். நான் மைக்கை அணைத்தேன். பெயர்கள் மெலிந்து, இடைவெளி விட்டு வந்து, தீர்ந்தன. அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

"சின்னு" என்றார். கண்களை இமைத்தார்.

நான் கேட்டுவைத்ததைச் சொன்ன பிறகு, மதினி அவர் காதில் வாயை வைத்து, கேட்ட அத்தனையையும், காய் வாட்டும் வாசனையிலிருந்து ஊரிலுள்ள கடைசி லாரிக்காரர் வரை, திரும்பச் சொன்னாள். கடைசியில் தன் பெயரையும் சொன்னாள். அண்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "ஏன்டி, கையெல்லாம் மாவு?"

ஜன்னலுக்கு வெளியே பொம்மையசாமியின் குரல் கேட்டது. "முடிஞ்சுதாத்தா? கடைசியா யாரு?"

மதினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கதவுக்கு அந்தப்பக்கம் ஊர் நின்றது, அந்த அமைதி எனக்குத் தெரியும், லூர்துவின் வண்டியைச் சுற்றி நின்ற அதே அமைதி.

"இன்னும் முடியலீங்க" என்றேன் நான். "கொட்டிக்கிட்டேதான் இருக்கு."

அண்ணன் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்களை அகல வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கமில்லாத குரலில் பெயர்களை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். வெளியே ஊர் மூச்சுவிட்டது.

மலைராசன் கொட்டி முடிக்கும் வரை இனி யாருடைய கடைசிப் பெயரையும் விசாரிப்பதில்லை என்று கமிட்டி முடிவு செய்தது. அது முடியாமல் இருந்தால் எல்லோருக்கும் நல்லது. முடிகிற நாளில் யார் பெயர் நிற்குமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஆக, ஏலம் அவரைச் சுற்றி நடந்தது. அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என் பேரை நடுவுல போட்டுக்கோங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கிசுகிசுத்தார்கள். தெருவில் போகிறவர்கள் ஜன்னலருகே காதைக் கொடுத்து, குரல் ஓடுகிறது என்று உறுதிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்கள். அவர் இருமினால் கடைவீதியே திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்தியதும், காலை நீட்டி உட்கார்ந்து சிரிப்பார். மதினி மிளகுபால் கொடுப்பாள். "தொண்டை கட்டிப்போச்சு சின்னு. ஆனா ஒண்ணு, ஊரு பேரு பூரா சொல்றேன், உன் பேரை மட்டும் வாயில வரவிடுறதில்ல. திடீர்னு எவனாச்சும் வந்து தொட்டு எழுப்பிட்டான்னா? அது கடைசியா நின்னுறக் கூடாதுல்ல. நெனைப்புலயே அதை ஓரமாத் தள்ளிட்டுத்தான் ஆரம்பிப்பேன்."

"அப்படியே தள்ளுய்யா" என்பாள் மதினி, இப்போது குழம்பில் உப்புச் சரியாக இருந்தது.

குளிர்காலத்தில், சாப்பிடும்போதும் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். பொங்கலுக்குப் பிறகு, கதவைச் சாத்திய பின்னும் குரல் நிற்க நேரம் பிடித்தது. கோடை மழை தொடங்கியபோது நிற்கவே இல்லை. மதினி மிளகுபாலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறிப்போகும் வரை, அவர் எதிரில் உட்கார்ந்திருப்பாள். நடிக்கிறார், சுவருக்கும் காது இருக்கும் என்று ஜாக்கிரதையாக இருக்கிறார் என்று எனக்குச் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

அடுத்த சாரலில் ஒரு மத்தியானம், கரண்டு போய் ஏலம் கலைந்து, மன்றத்தில் அவர் மட்டும் இருந்தார். நானும் மதினியும் சோற்றுக் கேரியரை எடுத்துக்கொண்டு போனோம். "யாரும் இல்லண்ணே. செத்த நேரம் வாயை மூடு" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நிறுத்தவில்லை. நான் குனிந்து, பழைய வேலைப் பழக்கத்தில், ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். ஊர் முழுக்க ஒரு சுற்று வந்தது. என் பெயர் வந்தது. செத்தவர்கள் பெயர்கூட வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. அது ஓரமாகத் தள்ளி வைத்த இடத்தில் ஒரு திக்கல்கூட இல்லை, குரல் வழுவழுவென்று ஓடியது.

மதினி கிண்ணத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். அண்ணன் சட்டென்று ஒதுங்கி, பக்கத்து நாற்காலியைத் துண்டால் தட்டி, "உக்காருங்க தாயி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கொட்டியதைப் பிடித்தவர்கள் திரும்பக் கொடுக்கலாம். இது கொட்டப்படவே இல்லை. மதினிக்கும் அது தெரிந்திருக்கும். ஆனாலும் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு, அவர் காதருகே குனிந்து, மெதுவாகத் தன் பெயரைச் சொன்னாள்.

"வீருசின்னு" என்றார் அண்ணன், புது ஆளின் குவியலை ஏலத்துக்கு விடும் அந்தப் பெரிய குரலில். பிறகு, இவ்வளவு காலத்தில் முதல்முறையாக, பெயர் சொல்வதை நிறுத்தினார். திரும்பி அவளை மரியாதையாகப் பார்த்தார்.

"எந்தத் தோட்டம் தாயி?"

பதிலுக்குக் காத்திருந்தார். மன்றத்தில் சாரல் கூரையைத் தட்டும் சத்தம் மட்டும் இருந்தது. கடைசிப் பெயருக்குப் பிறகு குரல் நின்றதைக் கேட்டு, வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன.